கார்மேலாவுக்கு ஒரு தெரு

ஹசிந்தா பிறந்து வளர்ந்தது குவாதலஹாரா நகரத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பதினாறு குடித்தனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில். அந்த முற்றத்தில் மொத்தம் எத்தனை குழந்தைகள் என்று யாரும் எண்ணி முடித்ததில்லை. ஓடிக்கொண்டே இருப்பதை எப்படி எண்ணுவது? பொழுது சாயும் நேரம் பதினாறு வாசலிலும் பதினாறு அம்மாக்கள் வந்து நின்று அவரவர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். அந்தக் கூவலுக்குப் பயந்து மின்கம்பியிலிருந்து கிளம்பும் புறாக்கள் அடுத்த மாகாணத்தில் போய்த்தான் இறங்கும். இது கொஞ்சம் குறைத்துச் சொன்னதுதான். கூவலுக்குப் பதிலாக மாடிப்படியின் அடியிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்தும் "இதோ வந்துட்டேன்!" என்று குரல்கள் கிளம்பும். ஒருவரும் வரமாட்டார்கள்.

பதினேழு வயதில் ஹசிந்தா முடி வெட்டக் கற்றுக்கொண்டாள். இருபத்தொன்றில் நபோரைக் கட்டிக்கொண்டாள். நபோர் குழாய் வேலைக்காரன். வாய் திறந்தால் மூடாதவன். கல்யாணமான மறுநாளே அவன் இவளைக் 'கிழவி' என்று கூப்பிட, இவள் அவனைக் 'கிழவா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்தில் ஆசையாகக் கூப்பிடும் முறை அதுதான். கார்மேலா, தீனோ, லூச்சா என்று மூன்று குழந்தைகள் பிறந்தன. அப்புறம் நபோருக்கு நகரத்தில் வேலை போயிற்று. அவனுடைய எதெல்வினா அத்தையிடமிருந்து தகவல் வந்தது: "இங்க வாங்கடா. இந்த ஊர்ல ஒழுகாத குழாயே கிடையாது. நரைக்காத தலையும் கிடையாது. புருஷனுக்கும் வேலை, பொண்டாட்டிக்கும் வேலை."

அத்தை இருந்த ஊர் சான் மெலித்தோன். சபாலா ஏரிக்கரையில் இருக்கிறது. நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளக்கிறது. சாலைக்கும் ஏரிக்கும் நடுவே கீழ்ப்பகுதி. அதை வடக்கேயிருந்து ஓய்வூதியத்தோடு வந்து குடியேறிய வெள்ளைக்காரப் பெரியவர்கள் வீடு வீடாக வாங்கிவிட்டார்கள். வருஷம் முழுக்க ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி காற்று. மூட்டுவலிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லையாம். அந்தப் பகுதியில் எழுபது வயதுக்காரரை இளைஞர் என்பார்கள். ஈ பறந்தால் இறக்கையை மடக்கிக்கொண்டு பறக்கும். ஒருமுறை ஏரியில் கூழைக்கடா ஒன்று மீனைக் கொஞ்சம் சத்தமாக விழுங்கிவிட்டு, உடனே வெட்கப்பட்டு வேறு ஏரிக்குப் போய்விட்டது.

அத்தை விதவை. வீட்டை விற்கச் சொல்லி யார் யாரோ வந்து கேட்டும் விற்காமல் கீழ்ப்பகுதியில் ஏரிக்கரைத் தெருவில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாள். பின்கட்டில் ஒரே ஓர் அறை. அதில் ஐந்து பேரும் குடியேறினார்கள். வெளியே போகவும் உள்ளே வரவும் அத்தையின் சமையலறைதான் வழி.

ஹசிந்தா பையில் கத்தரியும் சீப்பும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் முடி வெட்டினாள். பெரியவர்கள் நல்லவர்கள். காபி கொடுப்பார்கள், வாழைப்பழ கேக் கொடுப்பார்கள், குழந்தைகளைப் பற்றி விசாரிப்பார்கள். ஆனால் விசாரிப்பது வேறு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருப்பது வேறு. அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் வால்டர் என்ற பல் மருத்துவர், ஓய்வு பெற்றவர். தீனோவின் பந்து சுவரில் பட்ட முதல் நாளே நீலத்தாளில் ஒரு கடிதம் வந்தது. அவ்வளவு மரியாதையான கடிதத்தை ஹசிந்தா அதுவரை படித்ததில்லை. பிற்பகலில் தான் சற்றுக் கண்ணயர்வது வழக்கம் என்றும், பந்து மிக அழகான பந்து என்றும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தன் இதயத்துக்கு வலு இல்லை என்றும் எழுதியிருந்தார். அடுத்த வாரம் இன்னொரு நீலத்தாள். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிக் கெஞ்சினால் என்ன செய்வது?

குழந்தைகளே வழி கண்டுபிடித்தார்கள். பழைய காலுறைகளைச் சுருட்டிப் பந்து செய்தார்கள். வெறுங்காலில் ஆடினார்கள். கோல் போட்டவன் வாயைத் திறக்காமல் இரண்டு கையையும் மேலே தூக்குவான்; தோற்றவள் வாயைத் திறக்காமல் நெற்றியில் அடித்துக்கொள்வாள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. நபோர்கூடச் சிரித்தான்.

இரண்டு வருஷம் ஆன பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உங்க பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா?"

"எந்தப் பொண்ணுக்கு?"

"மூத்தவளுக்கு. கார்மேலாவுக்கு. பாட்டு வகுப்புல வாய் மட்டும் அசையுது, சத்தமே வரல. கேள்வி கேட்டா காதுல வந்து ரகசியம் மாதிரி பதில் சொல்றா. விளையாட்டு நேரத்துல கீழ விழுந்து முட்டி கிழிஞ்சுபோச்சு. அப்பவும் கத்தலம்மா. பத்து வயசுப் பிள்ள கத்தாம அழுதா பாக்கச் சகிக்கல."

அன்று சாயங்காலம் ஹசிந்தா மகளை ஏரிக்குள் நீளும் படகுத்துறைக்குக் கூட்டிப்போனாள். கடைசிப் பலகை வரை நடந்தார்கள். முன்னால் தண்ணீரும் வானமும்தான்.

"இங்க யாருமே இல்லடி. ஒரு சத்தம் போடு பாப்போம். உன் பேரையே சொல்லிக் கத்து."

கார்மேலா தண்ணீரைப் பார்த்தாள். கரையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் காதருகே எம்பி நின்றாள்.

"யாருக்காவது தொந்தரவா இருந்தா?" என்று கிசுகிசுத்தாள்.

ஹசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது நெஞ்சுக்குள் அந்தப் பழைய முற்றம் எழுந்து நின்றது. பதினாறு அம்மாக்கள், பதினாறு குரல்கள். தன் பெயர் எப்படி நீண்டுகொண்டே வந்து தண்ணீர்த் தொட்டியின் பின்னால் தன்னைத் தேடிப் பிடிக்கும் என்பதை நினைத்தாள். அப்படி ஒரு தெரு வேண்டும். கார்மேலா கத்துவதற்கும், தான் கூவுவதற்கும். வீடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. தெருதான் முக்கியம்.

ஆசை நெஞ்சுக்குள் இருந்தவரை அது ஆசை மட்டும்தான். அதற்குத் தேதி குறித்தது ஒரு ரொட்டி.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்களின் திருநாள். அன்றைக்கு வளையமாகச் சுட்ட பெரிய ரொட்டியை நடுவில் வைத்து, கத்தியைக் கை மாற்றி மாற்றி அவரவர் துண்டை அவரவரே வெட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே எங்கோ ஒரு குட்டிக் குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளன்று, கூடியிருந்த அத்தனை பேருக்கும் தமாலே விருந்து வைத்தாக வேண்டும். மக்காச்சோள மாவில் காரம் வைத்து, சோள மட்டையில் கட்டி அவித்த தமாலே; ஆளுக்கு இரண்டு என்று தப்பித்துவிட முடியாது. இந்த விருந்துக்குப் பயந்து நபோரின் மாமா செல்சோ ஒருமுறை பொம்மையை அப்படியே விழுங்கிவிட்டார். நாற்பது வருஷமாகியும் ஊரில் அவர் பெயர் 'பொம்மைவிழுங்கி'தான். கல்லறையிலும் அதைப் பொறித்துவிடுவார்களோ என்ற கவலையிலேயே சாகாமல் இருக்கிறார்.

அத்தையின் சமையலறையில் அவளுடைய ஜெபக்குழுப் பெண்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹசிந்தா வெட்டும்போது கத்தி டக்கென்று எதிலோ முட்டியது.

"மறைக்காதடி!" என்றாள் அத்தை. "மூஞ்சி காட்டிக் குடுத்துடுச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள், மெல்லத்தான் தட்டினார்கள், வால்டர் தூங்கும் நேரம்.

"அப்ப ரெண்டாம் தேதி எங்க வரணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என் வீட்டு வாசலுக்கு" என்றாள் ஹசிந்தா.

அத்தை சிரித்தாள். "எந்த வாசல்? உனக்கு வாசலே இல்லையேம்மா! என் அடுப்பத் தாண்டித்தானே நீ வெளியவே போற!"

அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பதினோரு பேர் சிரித்தார்கள். மூலையில் சத்தமில்லாமல் ரொட்டி தின்றுகொண்டிருந்த மூன்று குழந்தைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அதுக்குள்ள இருக்கும் அத்தை. கதவு, நிலை, படி எல்லாம் இருக்கிற வாசல். தெருவப் பாத்த வாசல். அந்தப் படியில உக்காந்து உங்க எல்லாருக்கும் பரிமாறுறேன். எத்தனை சத்தமா வேணா சிரிச்சுக்கலாம்."

ஜெபக்குழு முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதோடு நிற்காமல், அதற்காக ஜெபிக்கவும் ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்றிரவே நபோர் பெருமூச்சு விட்டான். "இருபத்தேழு நாள்ல வீடா கிழவி? பொம்மைய விழுங்கியிருக்கலாமே. நம்ம குடும்பத்துல அதுக்கு அனுபவம் இருக்கே."

ஹசிந்தா வீட்டைக் கண்ணால் தேடவில்லை, காதால் தேடினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, பள்ளி விட்டுப் பிள்ளைகள் தெருவில் இருக்க வேண்டிய நேரத்தில், ஒரு தெருமுனையில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டு நூறு வரை எண்ணுவாள். நூறுக்குள் ஒரு குழந்தையின் குரல் கேட்டால் அந்தத் தெருவுக்குள் போவாள். கேட்காவிட்டால் அடுத்த தெரு. ஏரிக்கரைத் தெருவில் நூறுக்குள் கேட்டது ஒரு தோட்டக் குழாய், ஒரு குட்டி நாய், ஒரு இருமல். இன்னொரு முனையில் அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் பக்கத்தில் வந்து நின்று தானும் கண்ணை மூடிக்கொண்டாள். இருவருமாக நூறு வரை ஜெபித்தார்கள்.

மதில் கட்டிய புதுக் குடியிருப்பு ஒன்றில் காலி வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். காவலாளி விதிகள் எழுதிய பலகையைக் காட்டினான்.

"அம்பது வயசுக்கு மேல இருக்கணும்மா. பேரப்பிள்ளைங்க வந்தா வருஷத்துக்குப் பதினாலு நாள் தங்கலாம்."

"பேரப்பிள்ளைக்குப் பதினாலு நாள். பிள்ளைக்கு?"

அவன் பலகையை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தான். "பிள்ளையப் பத்தி ஒண்ணுமே போடலியே. யாருக்கும் தோணல போல."

"உனக்குப் பிள்ளைங்க உண்டா?"

"நாலு. ஏரிக்கு அந்தக் கரையில, எங்க அம்மாகிட்ட. ஞாயித்துக்கிழமை பாப்பேன்." அவன் ஏரிப் பக்கம் திரும்பி, அங்கிருந்து தெரிவதுபோல் கண்ணைச் சுருக்கினான். "வெயில் நல்லா அடிச்சா எங்க ஊர்த் தண்ணித்தொட்டி தெரியும்."

பதினோராம் நாள்தான் அதிர்ஷ்டம் அடித்தது போலிருந்தது. பூங்காவுக்குப் பின்னால் ஒரு குட்டித் தெருவில் எண்ணிக்கை ஆறைத் தொடும்போதே குழந்தைகளின் கூச்சல் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து குழந்தைகள். சிரிப்பு, தண்ணீரில் குதிக்கும் சத்தம், யாரோ யாரையோ மாட்டிவிடும் சத்தம். ஹசிந்தா கிட்டத்தட்ட ஓடினாள். கூச்சல் வந்த வீடு அவளுக்குத் தெரிந்த வீடுதான். அடேல் என்ற பெரியம்மாவுக்கு மாதம் ஒருமுறை அங்கேதான் முடி வெட்டுவாள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அடேல் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே டிவியில் குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா, ஹசிந்தா, வா. என் பேரப்பிள்ளைங்க" என்றாள் அடேல். அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்துப் பேசுவாள்.

"நல்லா கத்துறாங்க. இங்க வருவாங்களா?"

"இல்ல. இது பன்னெண்டு வருஷம் முன்னாடி. இப்போ பெரியவங்க. இப்போ கத்துறது இல்ல. இப்போ மெசேஜ்." அவள் சத்தத்தைக் குறைக்கப் போனாள், விரல் நின்றுவிட்டது. "நீ எதுக்கு ஓடி வந்த?"

ஹசிந்தா சொன்னாள். அடேல் ஜன்னல் வழியே மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மேல, சாலைக்கு அந்தப் பக்கம், ஹிகேரா தெரு தெரியுமா? அங்கே ரொம்பக் குழந்தை. ரொம்ப ரொம்பக் குழந்தை. பக்கத்துல பேண்டு வாத்தியம். நான் இங்க வந்த புதுசுல அங்க ஒரு வீட்டுல இருந்தேன். ஒம்பது நாள். தலைவலி வந்து ஓடிட்டேன்." அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மஞ்ச வீடு. இன்னும் காலிதான்னு சொல்றாங்க. இப்போன்னா பத்தாவது நாளும் இருந்திருப்பேன்."

மறுநாள் ஐந்து மணிக்கு ஹசிந்தா ஹிகேரா தெருமுனையில் நின்று கண்ணை மூடினாள். மூன்று என்று எண்ணும்போது ஒரு பந்து வந்து அவள் தலையில் பட்டது.

கண்ணைத் திறந்தால் சரிவான கல்தெரு நெடுகப் பிள்ளைகள். சைக்கிள்கள், கயிறு தாண்டும் பெண்கள், ஒரு வாசலில் சண்டை, இன்னொரு வாசலில் சமாதானம். எல்லாவற்றுக்கும் மேலே, சுவரே அதிரும்படி ஊதுகுழல் ஒத்திகை. "மன்னிச்சுக்கோங்க தோன்யா!" என்று, பெரிய பெண்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லோடு, பல் விழுந்த ஒரு சிறுமி தெருவின் மறுகோடியிலிருந்து கத்தினாள். என்ன தொண்டை! ஹசிந்தாவுக்குக் கண்ணில் நீர் வந்தது, பந்து பட்ட வலியால் என்று வைத்துக்கொள்வோம்.

மஞ்சள் வீட்டில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பலகை தொங்கியது. எதிர் வாசலில், ஒரு கட்டிலளவு பெரிய ஊதுகுழலை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர் தோன் தமாசோ. பேண்டு வாத்தியத்தில் பெருங்குழல் அவருடையது. அவர் அடிவயிற்றிலிருந்து ஊதினால் மலைமேல் மேயும் ஆடுகளுக்குப் பால் திரிந்துவிடும்.

"வீடு வாடகைக்கா, தோன் தமாசோ?"

"பலகை தொங்குதே, படிக்கல?"

"அது இங்கிலீஷ்ல இருக்கே."

"அதேதான். அதைப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் வீடு. ஓய்வு பெற்ற ஜோடி. நாய் கூடாது. பிள்ளைங்க கூடவே கூடாது. நான் கலைஞன்மா, எனக்கு அமைதி வேணும்."

"மூணு வருஷமா காலியா கிடக்காமே?"

"நல்ல ஆளுக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

அவள் காதுக்கு எட்டியவரை ஊரிலேயே குழந்தைகள் இருக்கிற ஒரே தெரு. அந்தத் தெருவில் காலியாக இருக்கிற ஒரே வீடு. அதுவும் அமைதியான பெரியவர்களுக்காகக் காத்துக்கிடந்தது. ஹசிந்தாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிப்ரவரி இரண்டு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில்தான் அதைச் சொன்னாள்.

"எனக்கு மூணு பிள்ளைங்க. ஆனா சத்தமே போடமாட்டாங்க."

தோன் தமாசோ வயிறு குலுங்கச் சிரித்தார். "சத்தம் போடாத பிள்ளையா! எந்தக் கடையில வாங்கின?"

"நாளைக்குக் கூட்டிட்டு வரேன். நீங்களே பாருங்க."

மறுநாள் மூவரும் அவர் வீட்டுப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் அவர் அவர்கள் முகத்துக்கு நேராகக் குழல் ஊதினார். லூச்சாவின் முடி பின்னால் பறந்தது. அவள் கண்ணைக்கூடக் கொட்டவில்லை. தெருவிலிருந்து பந்து ஒன்று உருண்டு தீனோவின் காலடியில் வந்து நின்றது. அவன் அதை உதைக்கவில்லை. முட்டையை எடுப்பதுபோல் இரண்டு கையாலும் எடுத்துப்போய்க் கேட்டவனிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கார்மேலா எழுந்து அவர் காதருகே போனாள்.

"தண்ணி குடிக்கலாமா?"

தோன் தமாசோ குழலைக் கீழே வைத்தார். "இப்பேர்ப்பட்ட பிள்ளைங்கள நான் சர்ச்சுல சிலையாத்தான் பாத்திருக்கேன்" என்று சாவியை எடுத்து நீட்டினார். "எடுத்துக்கோம்மா. ஆனா ஒரே ஒரு பேச்சு. என்னைக்கு இதுங்க சத்தம் என் காதுல விழுதோ, அன்னைக்குச் சாவி என் கைக்கு வந்துடணும். சுவத்துல கிறுக்கவும் கூடாது."

"சரி" என்றாள் ஹசிந்தா.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது நபோர் கேட்டான்: "எதுக்குடி அந்தத் தெருவத் தேடின? பிள்ள கத்தணும்னுதானே? இப்ப கத்தமாட்டான்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியே."

"எழுதிக் குடுக்கல. வாயால சொன்னேன், அவ்வளவுதான்."

"அது இன்னும் மோசமாச்சே, கிழவி."

புது வீட்டில் கதவு இருந்தது, நிலை இருந்தது, மூன்று படிகள் இருந்தன. குழந்தைகள் பள்ளிவிட்டு வந்ததும் ஜன்னலில் வரிசையாக நின்று தெருவைப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் அத்தை வீட்டில் அடக்க வேண்டியிருந்தது குரலை மட்டும். இங்கே, கண்ணுக்கு எதிரே பிள்ளைகள் கத்திப் புரளும்போது, ஆசையையும் சேர்த்து அடக்க வேண்டியிருந்தது. பந்தை ஹசிந்தாவின் தலைமேல் அடித்த பல் விழுந்த பெண், பெத்ரா, ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஏன் வெளிய வரமாட்டேங்கிறீங்க? அம்மையா?"

கார்மேலா தலையசைத்தாள், இல்லை என்று.

"வெளிநாடா?"

அதற்கும் தலையசைத்தாள்.

பெத்ரா கீழே குதித்துத் தெருவுக்கே அறிவித்தாள்: "வெளிநாடும் இல்லையாம்! ஆனா அதே மாதிரிதான் இருக்குதுங்க!" அன்றிலிருந்து தெருவில் அவர்களுக்குப் பெயர் 'பென்ஷன் பிள்ளைங்க'.

பொழுது சாயும்போது அந்தத் தெருவிலும் அம்மாக்கள் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூவினார்கள். ஹசிந்தாவும் வாசலுக்கு வருவாள். இத்தனை வருஷம் காத்திருந்த நேரம் அதுதான். கூவுவதற்கு வாயைத் திறப்பாள். எதிர்வாசலில் தோன் தமாசோ குழலைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதுவுமில்லாமல், கூப்பிட்டு வரவழைக்க வெளியே யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் பின்னால், ஜன்னலில்தான் நிற்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு, துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி, வெயில் தாழ்ந்ததும், ஜெபக்குழு மேடேறி வந்தது. அத்தை முன்னால் வந்தாள். படியைக் காலால் தட்டிப் பார்த்தாள். நிலையைத் தடவினாள். கதவைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்து மூடினாள்.

"வாசல்தான்" என்றாள் கடைசியில். "ஒத்துக்கிறேன். இருமுறதுக்குக்கூட அனுமதி கேக்க வேணாம் போலிருக்கே இந்தத் தெருவுல."

படியில் பெரிய பானை ஆவி கக்கிக்கொண்டிருந்தது. பன்றிக்கறி வைத்த சிவப்புத் தமாலே, பச்சை மிளகாய்த் தமாலே, லூச்சாவுக்காக இனிப்புத் தமாலே. வாசனை பிடித்துத் தெருவே வந்தது. பேண்டுக்காரர்கள் வாத்தியத்தோடு வந்தார்கள். அடேலும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இரண்டாவது தமாலேயில் ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள், நான்காவதில் மற்றதை. தோன் தமாசோ ஏழு தின்றுவிட்டுக் குழலைத் தோளில் மாட்டினார்.

இறங்கிவர முடியாதவர்கள் சிலர் தெருவின் மேல்கோடியில் இருந்தார்கள். அவர்களுக்குத் தட்டு எடுத்துப்போகப் பெத்ரா கிளம்பினாள். போகிற போக்கில் கார்மேலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"இவளும் வரட்டும் தோன்யா, தட்டு ரெண்டு இருக்கு."

ஹசிந்தா தலையாட்டினாள். இரண்டு பெண்களும் சரிவில் ஏறிச் சின்னதாகிப் போனார்கள். வாத்தியம் முழங்கிற்று. தட்டுகள் காலியாயின. கொஞ்ச நேரத்தில் ஹசிந்தா நிமிர்ந்து பார்த்தபோது, மேல்கோடியில் கார்மேலா நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்கிறாள். ஒன்றும் வந்து சேரவில்லை. பக்கத்தில் பெத்ரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை என்னவோ திட்டினாள். கார்மேலா மறுபடி வாயை அசைத்தாள். பெத்ரா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், பிறகு அவள் வயிற்றில் ஒரு குத்துவிட்டாள், குரல் எங்கிருந்து வரவேண்டும் என்று காட்டுகிறவளைப் போல.

பேண்டு வாத்தியம் ஒரு பாட்டை முடித்து மூச்சு வாங்கிய நேரம் அது.

"அம்மாஆஆ! பச்ச மிளகா இன்னும் ஆறு!"

அந்தக் குரல் சரிவில் உருண்டு வந்து எல்லோர் மேலும் மோதியது. முழுதாகச் சரியான குரல் இல்லை. நடுவில் கிரீச்சிட்டது, கடைசியில் உடைந்தது. துரு ஏறிய கதவைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும். ஜன்னலிலிருந்து தீனோ இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

தோன் தமாசோ குழலை வாயிலிருந்து எடுத்தார்.

"யாரு பொண்ணு அது?"

நபோர் தரையைப் பார்த்தான். அத்தைக்கு விஷயம் தெரியும், சட்டென்று முந்திக்கொண்டாள். "அதோ, அந்தப் பல்லுப்போனவளா இருக்கும். அவளுக்குத்தான் தொண்டை."

அதுதான் நல்ல பொய். அதைப் பிடித்துக்கொண்டால் போதும். இந்தக் கதவும் இந்தப் படியும் இந்தத் தெருவும் நிலைக்கும். ஹசிந்தா கையைத் துடைத்தாள். ஏப்ரன் பையில் சாவி இருந்தது. அதை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள்.

"என் பொண்ணு, தோன் தமாசோ. என் மூத்தவ. கார்மேலான்னு பேரு."

பொய்யைத் திருத்தியதுபோல் அவள் சொல்லவில்லை. பிரசவ அறையிலிருந்து வந்து பெயர் சொல்வதுபோல் சொன்னாள்.

தோன் தமாசோ சாவியைப் பார்த்தார். மூன்று வருஷம் காலியாகக் கிடந்த மஞ்சள் வீட்டைப் பார்த்தார். ஜன்னலில் கையைத் தூக்கியபடியே நிற்கும் பையனைப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார்.

"பச்ச மிளகா ஆறுதானே கேட்டுது?"

"ஆமா."

"ஏழா எடு. ஒண்ணு எனக்கு." குழலைத் திரும்பத் தோளில் ஏற்றினார். "சுவத்துல மட்டும் கிறுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மேல்கோடியிலிருந்து மறுபடி குரல் வந்தது. இந்தமுறை கிரீச் குறைவு, கோபம் அதிகம்.

"அம்மாஆஆ! காது கேக்கலியா?"

ஹசிந்தா சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பானைப் பக்கம் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு தமாலேயாக, அவசரமே இல்லாமல் எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

"அடியே, பிள்ள கூப்பிடுறா, பதில் குடேன்!" என்றாள் அத்தை.

"கேக்கல அத்தை" என்றாள் ஹசிந்தா. "இன்னும் கொஞ்சம் கூப்பிடட்டும்."